பசிக்கிற குழந்தையைத் தேடிய டாக்டர்: வேலூரில் வளைந்த கால்களை நிமிர்த்திய பால் பிராண்ட்

ஆம்பூர்ல காலையில ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற பெண்களைப் பார்த்திருக்கீங்களா? ஒரு கையில டிபன் பாக்ஸ், இன்னொரு கையில போன். பாதிப் பேர் இடுப்புல அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். அதை மாமியார்கிட்டயோ அம்மாகிட்டயோ இறக்கி வெச்சிட்டுத்தான் ஓடி வந்திருப்பாங்க.

அதுல ஒருத்தர் நீங்கன்னு வெச்சுக்கங்க. உங்க குழந்தைக்கு ஒண்ணேகால் வயசு. நடக்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்குது. போகப் போகச் சரியாயிடும்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் மனசு கேக்கலை. பஸ் ஏறி வேலூர் போறீங்க. எக்ஸ்ரே எடுக்கிறாங்க. தொடை எலும்போட தலை, பந்து மாதிரி இருக்கும் இல்லையா, அது இடுப்பு எலும்புல இருக்கிற கிண்ணத்துக்குள்ள சரியா உட்காரலைன்னு சொல்றாங்க. மயக்கம் கொடுத்து பந்தைக் கிண்ணத்துக்குள்ள உட்கார வெச்சு, வயித்துலேர்ந்து கால் வரைக்கும் மாவுக்கட்டு போடணும். தவளை மாதிரி ரெண்டு காலும் விரிஞ்ச நிலையில, வாரக்கணக்கா, மாசக்கணக்கா.

அன்னைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது. கட்டோட குழந்தையை பஸ்ஸுல எப்படித் தூக்கிட்டுப் போறது? கட்டு நனையாம எப்படிக் கழுவி விடறது? கம்பெனியில எத்தனை நாள் லீவு தருவாங்க? இதுக்கெல்லாம் பதில் கிடைக்கிறதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்க கேக்கிற கேள்வி வந்து நிக்கும். வயித்துல இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா? கேள்வி அம்மாவுக்கு மட்டும்தான். அப்பாவை யாரும் கேக்க மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா?

இதே வேலூருக்கு, எழுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியும் குழந்தைகளைத் தூக்கிட்டு அம்மாக்கள் வந்தாங்க. அந்தக் குழந்தைகளுக்குப் பிரச்னை இடுப்புல இல்ல, பாதத்துல. பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாத் திரும்பி, உள்ளங்கால் வானத்தைப் பார்க்கிற மாதிரி வளைஞ்சிருக்கும். கிளப் ஃபுட், தமிழ்ல வளைபாதம். ஆயிரம் குழந்தைக்கு ஒண்ணு இப்படிப் பிறக்கும்னு பொதுவா கணக்குச் சொல்றாங்க. இடுப்போ பாதமோ, அம்மா சுமந்துக்கிட்டு வர்ற பயம் ஒண்ணுதான். அந்த அம்மாக்களை ஒரு டாக்டர் ரொம்ப விநோதமான ஒரு கண்டிஷனோட வரச் சொன்னார். குழந்தைக்குப் பால் கொடுக்காம, பசியோட தூக்கிட்டு வரணும்.

அவர் பேர் பால் பிராண்ட். ஏன் அப்படிச் சொன்னார்னு தெரிஞ்சுக்க, கொஞ்சம் கொல்லிமலை ஏறிட்டு வரணும்.

பால் பிராண்ட் 1914-ல் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின். இரண்டு பேரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அப்போது கொல்லிமலைக்குச் சாலை கிடையாது, டாக்டர் கிடையாது, மலேரியா மட்டும் தாராளமாக இருந்தது. அப்பா கொஞ்சம் மருத்துவம் படித்தவர். அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், நரம்புச் சிலந்திப் புழுவை மெதுவாக வெளியே எடுத்தார். அதோடு வீடு கட்டினார், மரவேலை கற்றுக்கொடுத்தார். பையன் பால் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு வெறுங்காலோடு வளர்ந்தான்.

ஒருநாள் வீட்டு வாசலுக்குத் தொழுநோய் வந்த சிலர் வந்தார்கள். அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் காலைக் கழுவிக் கட்டுப்போட்டார். எந்த நோயாளியையும் சகஜமாகத் தொட்ட அப்பா, அன்றைக்கு மட்டும் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததையும், அவர்கள் உட்கார்ந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று தடுத்ததையும் அந்தப் பையன் மறக்கவே இல்லை.

ஒன்பது வயதில் அவனையும் தங்கை கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1923-ஆம் வருஷம் அது. வீடியோ கால் இல்லை, போன்கூட இல்லை. கப்பலில் வரும் கடிதம் மட்டும்தான். 1929-ல், பாலுக்குப் பதினைந்து வயது நிறைவதற்குச் சில வாரங்கள் முன்னால், அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. மலேரியாவின் கொடூரமான வடிவமான கருநீர்க் காய்ச்சல். தந்தி வேகமாக வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. இறந்துபோன அப்பாவிடமிருந்து, மலையில் என்ன பூ பூத்திருக்கிறது என்று சொல்லும் கடிதங்கள் வாரக்கணக்கில் வந்தன. நமக்கு இறந்தவங்களோட கடைசி வாட்ஸ்அப் மெசேஜ் எப்படியோ, அப்படி. ஆனா இங்க இறப்புக்கு அப்புறமும் புது மெசேஜ் வந்துக்கிட்டே இருந்தது.

அப்பா மாதிரி ஆகணும்னு ஆசை. ஆனா மருத்துவம் மட்டும் வேண்டாம். ரத்தமும் சீழும் அவருக்குப் பிடிக்காது. அதனால கட்டட வேலை கத்துக்கிட்டார். தச்சு வேலை, கொத்து வேலை, கூரை போடறதுன்னு சில வருஷம் தொழிலாளியா உழைச்சார். வெளிநாட்டுல வேலை பார்க்க உதவும்னு சும்மா ஒரு வருஷ மருத்துவப் பயிற்சிக்குப் போன இடத்துலதான் மனசு மாறுச்சு. ரத்தம் இழந்து, உயிர் போயிடுச்சுன்னே அவர் நினைச்ச ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏத்தறதைப் பக்கத்துல நின்னு பார்த்தார். வெளுத்திருந்த கன்னத்துல நிறம் திரும்பியது. கண் திறந்தது. அதுக்கப்புறம் லண்டன்ல மருத்துவம் படிச்சார். இரண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்துக்கிட்டிருந்த லண்டன்லதான் அறுவை சிகிச்சை பழகினார். கூடப் படிச்ச மார்கரெட்டை 1943-ல கல்யாணம் பண்ணிக்கிட்டார். மார்கரெட் பின்னாடி பெரிய கண் டாக்டர் ஆனவர். தொழுநோய் கண்ணை எப்படிப் பாதிக்கும்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர். அவரைப் பத்தித் தனியா ஒரு கட்டுரை எழுதலாம்.

1946 கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் பிராண்ட். ஐடா ஸ்கடர் ஆரம்பித்து வைத்த, நாம சி.எம்.சி-ன்னு சொல்ற அதே ஆஸ்பத்திரிதான். கொஞ்ச காலம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர், கிட்டத்தட்ட இருபது வருஷம் இருந்தார்.

இங்கே வந்ததும் எலும்பு மூட்டு சிகிச்சைக்காக வந்தவர்களில் வளைபாதக் குழந்தைகள் நிறைய. குழந்தைகள் மட்டுமில்லை, பெரியவர்களும். காரணம், சின்ன வயதில் காட்டுவதற்கு அவர்களுக்கு டாக்டர் யாரும் இல்லை. பாதத்தின் வெளி ஓரத்திலும் மேல்பக்கத்திலும் மிதித்தே நடந்து, அந்த இடமெல்லாம் காய்த்துப் போயிருக்கும். இந்த மாதிரிக் காலை பிராண்ட் லண்டனில் பார்த்ததே இல்லை. அங்கே வளைபாதத்தோடு பிறக்கிற குழந்தைக்கு உடனே சிகிச்சை கிடைத்துவிடும்.

இங்கதான் அவருக்கு ஒரு அதிர்ச்சி. லண்டன்ல அவர் பார்த்த முறை, அந்தக் காலத்துல பேர் பெற்ற குழந்தைகள் அறுவை நிபுணர் டெனிஸ் பிரவுனோடது. வளைஞ்ச பாதத்தைக் கையால பலமாத் திருப்பி, நேரான நிலைக்குக் கொண்டுவந்து கட்டிடறது. பார்க்க அற்புதமா இருக்கும். ஒரே மூச்சில பாதம் நேராயிடும். ஆனா அதே குழந்தைகள் வளர்ந்து வரும்போது பாதம் நேரா இருந்தாலும் கட்டையா, விறைப்பா இருந்ததையும் அவர் பார்த்திருந்தார். வேலூர்ல, எந்த டாக்டரும் தொடாத கால்களைத் தொட்டுப் பார்த்தா, வளைஞ்சிருந்தாலும் உள்ளே சதை மெத்துனு இருந்தது. மூட்டுகள் அசைஞ்சது. சிகிச்சையே கிடைக்காத கால், சிறந்த சிகிச்சை கிடைச்ச காலைவிட மிருதுவா இருந்தா ஒரு டாக்டருக்கு எப்படி இருக்கும்?

அவர் வந்து சேர்ந்த முடிவு இது. பலமாகத் திருப்பும்போது உள்ளே திசுக்கள் கிழிகின்றன. கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகிறது. தழும்பு சுருங்கும், இறுகும். வெளியே பாதம் நேராக இருந்தாலும் உள்ளே அது தன் உயிர்ப்பை இழந்துவிடுகிறது. குழந்தையின் காலோடு ஒப்பிடுவதற்கு மன்னிக்கணும், ஆனா ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஒரு வரியில் புரியும். காய்ந்த தோலை ஒரே இழுப்பாக இழுத்தால் கிழியும். ஈரப்பதத்தோடு சட்டத்தில் மாட்டிப் பதமாக விரித்தால் சொன்ன பேச்சுக் கேட்கும்.

அப்படின்னா எவ்வளவு திருப்பலாம்? எங்க நிறுத்தணும்? கைக்குழந்தைக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. அதுக்குத்தான் பசி.

பிராண்டோட வளைபாத கிளினிக் நடக்கிற அன்னைக்கு வராந்தா முழுக்க அழுகைச் சத்தமா இருக்குமாம். பால் குடிக்காத குழந்தைகள் இல்லையா! ஒவ்வொரு அம்மாவா உள்ளே வருவாங்க. எதிரே உட்காருவாங்க. அப்பதான் சேலையை விலக்கிக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஆரம்பிப்பாங்க. அழுகை சட்டுனு நிக்கும். குழந்தைக்கு உலகமே மறந்துடும். அந்த நேரத்துல பிராண்ட் பழைய மாவுக்கட்டை எடுத்து, காலைக் கழுவி, பாதத்தை மெள்ள மெள்ள நேரான பக்கம் திருப்புவார். அவர் பார்வை பாதத்து மேல இருக்காது. குழந்தையோட முகத்து மேல இருக்கும்.

குழந்தை கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தால், எல்லை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே பிடித்துக்கொண்டு கட்டுப் போட்டுவிட வேண்டும். மார்பிலிருந்து வாயை எடுத்து அழ ஆரம்பித்துவிட்டால் அவர் தோற்றுவிட்டார், அளவுக்கு மீறித் திருப்பிவிட்டார். விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. கட்டுப் போட்டுச் சில நாள் கழித்து மறுபடி வருவார்கள், மறுபடி பசி, மறுபடி பால், இன்னும் கொஞ்சம் நேராகும். இப்படியே பல தடவை.

எனக்கு இந்தக் காட்சியில ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. வேற எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் அம்மாவை வெளியே நிக்கச் சொல்லிட்டு ரெண்டு பேர் குழந்தையை அமுக்கிப் பிடிச்சிருப்பாங்க. இங்க அம்மா இல்லாம சிகிச்சையே நடக்காது. ஊர்ல கிரகணத்தைச் சொல்லிக் குத்தம் சொல்லப்பட்ட அதே பெண், அந்த அறையில டாக்டருக்கு அடுத்த முக்கியமான ஆள். படிச்சவங்களா, படிக்காதவங்களான்னு யாரும் கேக்கலை.

கிட்டத்தட்ட அதே காலத்துல அமெரிக்காவுல, ஐயோவா பல்கலைக்கழகத்துல இக்னாசியோ பொன்செட்டின்னு ஒரு டாக்டர், ஸ்பெயின்ல பிறந்தவர், தனியா இதே மாதிரி ஒரு முடிவுக்கு வந்துக்கிட்டிருந்தார். பலம் வேண்டாம், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி மாவுக்கட்டு போட்டா போதும். இன்னைக்கு உலகம் முழுக்க வளைபாதத்துக்கு முதல் சிகிச்சை பொன்செட்டி முறைதான். அந்தப் பேர் அவருக்குப் போனது நியாயம்தான். பாதத்தோட எந்த எலும்பை எந்த வரிசையில திருப்பணும்னு துல்லியமா வகுத்தவர் அவர். வேலூர்ல நடந்தது அந்த அளவுக்கு வெளியே தெரியலை. காரணம், பிராண்டோட பேர் அதுக்குள்ள வேற ஒரு நோயோட சேர்ந்து உலகம் சுத்த ஆரம்பிச்சிருந்தது.

அந்த வேற நோய், தொழுநோய். வேலூருக்கு வந்த புதிதில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துப்போனார் டாக்டர் ராபர்ட் காக்ரேன். விரல்கள் மடங்கி நகம் போல இறுகிப் போன கைகளைப் பார்த்தார் பிராண்ட். ஒரு எலும்பு டாக்டருக்கு வரும் ஆர்வத்தோடு ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி வலித்தது. செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் அவ்வளவு பலம்! அப்படியென்றால் தசைகள் எல்லாம் சாகவில்லை, சில நரம்புகள் மட்டும்தான் பழுது. நன்றாக இருக்கும் தசையின் தசைநாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டினால் விரல் நிமிருமே? நிமிர்ந்தது. தொழுநோயாளியின் கையைத் திறந்து அறுவை செய்வதை அதுவரை யாரும் பெரிதாக நினைத்துப் பார்த்ததில்லை. வேலூரில் அது வாடிக்கையானது.

ஆனா கை சரியான சிலர் திரும்பி வந்து குறை சொன்னாங்க. முன்னாடி மடங்கின கையைப் பார்த்து ஜனங்க காசு போட்டாங்க, இப்போ யாரும் போட மாட்டேங்கிறாங்க. வேலை தேடினா, தொழுநோய் வந்தவர்னு யாரும் வேலை கொடுக்கலை. நேராக்கின கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? பிராண்டோட பழைய கட்டட வேலை இங்க கைகொடுத்தது. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே குடிசைகள் கட்டி, நவஜீவ நிலையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அறுவை சிகிச்சை முடிஞ்சவங்க அங்க தங்கி மர பொம்மை செய்யக் கத்துக்கிட்டாங்க. டாக்டரே உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

உளி பிடிச்ச கையிலதான் அவர் அடுத்த விஷயத்தைக் கண்டுபிடிச்சார். விரல்கள் நோயால தானா அழுகி விழலை. வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டுத் தேயுது. துருப்பிடிச்ச பூட்டை பிராண்டால திறக்க முடியலை. ஒரு பையன் வந்து சாவியைத் திருகி சாதாரணமாத் திறந்துட்டான். பார்த்தா அவன் விரல் எலும்பு தெரியற அளவுக்குக் கிழிஞ்சிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரி முழு விரலோட படுத்தவங்க காலையில பாதி விரலோட எழுந்தாங்க. ராத்திரி காவல் இருந்து பார்த்தப்போ, எலி கடிச்சது தெரிய வந்தது. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற நோயாளிகளுக்கு மருந்தோட ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினாங்க. சிரிப்பு வருது இல்லையா? ஆனா வேலை செஞ்ச வைத்தியம் அது.

குழந்தை முகத்துல வலியைத் தேடித் தேடிப் பார்த்து வைத்தியம் பண்ணின மனுஷர், வலியே இல்லாதவங்களுக்கு நடுவுல வந்து நின்னப்போ ஏன் அவ்வளவு கலங்கினார்னு இப்போ புரியுது.

அந்தக் கலக்கம் ஒரு ராத்திரி அவர் வீட்டுக்குள்ளேயே நுழையப் பார்த்தது. 1950-களில் ஒரு பயணம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, ரயில் ஏறி லண்டன் சேர்ந்திருந்தார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். வலி இல்லை. ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயாளிகளோடு பல வருஷம் இருந்தவருக்கு அதன் அர்த்தம் என்னவாகத் தோன்றியிருக்கும்? இரவு முழுக்கத் தூங்காமல், மனைவியைப் பிரிந்து, பிள்ளைகளைத் தொடாமல் எங்கே போய் இருப்பது என்று திட்டம் போட்டார். ஒன்பது வயதில் பெற்றோரைப் பிரிந்த மனுஷர், தன் பிள்ளைகளையும் அப்படி விடப்போகிறோமே என்று அந்த இரவில் நினைத்திருக்க மாட்டாரா? விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நீங்க பார்த்திருக்கவே முடியாது.

அதுக்கப்புறம் அவர் காலைக் காப்பாத்தற வேலையில இறங்கினார். வேலூர் பக்கத்துல கரிகிரியில 1955-ல தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு, கால்ல விழற அழுத்தத்தைப் பரவலாக்கி ஆற வைக்கிற முறையை இலங்கையில டாக்டர் மில்ராய் பால் 1930-களிலேயே பண்ணியிருந்தார். அதை இங்க பெரிய அளவுல பயன்படுத்தினாங்க. ஆறின கால் மறுபடி புண்ணாகாம இருக்கச் செருப்பு வேணும். ஆணி இருக்கக் கூடாது. வலி தெரியாத காலுக்கு ஆணி ஏறினாலும் தெரியாது. அடியில மெத்துனு இருக்கணும், ஆனா ஒரேயடியா அமுங்கியும் போகக் கூடாது. உள்ளே பொடிப்பொடிக் காத்துக்குமிழ் இருக்கிற ஒரு ரப்பரை வெச்சுப் பலவிதமாச் செஞ்சு பார்த்தாங்க. மைக்ரோ செல்லுலர் ரப்பர். சுருக்கமா எம்.சி.ஆர்.

பேர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? உங்க பாட்டிக்கோ தாத்தாவுக்கோ சுகர் இருந்தா, வாசல்ல கிடக்கிற செருப்பைத் திருப்பிப் பாருங்க. மருந்துக்கடையில எம்.சி.ஆர் செருப்புன்னு கேட்டு வாங்கியிருப்பாங்க. சர்க்கரை நோய்லயும் கால் மரத்துப் போகும் இல்லையா? தொழுநோயாளிகளுக்காக வேலூர் பக்கத்துல பிறந்த செருப்புதான் இன்னைக்கு லட்சக்கணக்கான சுகர் பேஷன்ட்ஸ் கால்ல இருக்கு. உலகத்துக்கே ஷூ தைச்சு அனுப்பற பாலாற்றங்கரையில, இந்தச் சாதாரணச் செருப்பைப் பத்தி அதிகம் பேர் பேசறதில்லை.

1954-ல இன்னொரு குடும்பத்துக்கு நடந்ததையும் சொல்லணும். சி.எம்.சி-யில படிச்ச, கேரளத்தைச் சேர்ந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ், ஒரு கார் விபத்துல தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தார். அவர் முதுகெலும்புக்கு அறுவை சிகிச்சை பண்ணினதும், சக்கர நாற்காலியில உட்கார்ந்தே கை அறுவை சிகிச்சை பண்ணலாமேன்னு யோசனை சொன்னதும் பிராண்ட்தான். மேரி பண்ணினார். பின்னாடி வேலூர்ல மறுவாழ்வு மருத்துவப் பிரிவையே நடத்தினார். 1972-ல பத்மஸ்ரீ வாங்கினார்.

பிராண்டின் சொந்தக் குடும்பத்திலும் ஒரு இடுப்பு உண்டு. அது அம்மாவுடையது. கணவர் இறந்த பிறகும் ஈவ்லின் ஊர் திரும்பவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, தன் போக்கில் கொல்லிமலைக்கே போய்க் குடியேறினார். மட்டக்குதிரை மேல் ஏறி மலைகளைச் சுற்றினார். எழுபது வயது தாண்டிய பிறகு ஒருநாள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவு முழுக்கத் தரையில் கிடந்தார். காலையில் ஆட்கள் வந்து பார்த்து, கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கி, ஜீப்பில் ஏற்றி வேலூருக்குக் கொண்டு வந்தார்கள். எலும்பு முறிவு டாக்டரான மகன், இனி தனியாக மலையில் இருக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நம்ம வீட்டு அம்மாக்கள் கேப்பாங்களா? அவங்களும் கேக்கலை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மறுபடியும் மலையேறினார். 1974-ல், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தபோது, மலையில் கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அதற்கு முன்பே பிராண்ட் இந்தியாவை விட்டுப் போயிருந்தார். 1960-களின் நடுவில், அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு. அங்கே ஒரு ஆராய்ச்சி பண்ணினார். இன்னைக்கு நாம கையில கட்டியிருக்கிற ஸ்மார்ட் வாட்ச்சுக்குத் தாத்தான்னே சொல்லலாம். கையுறையிலும் காலுறையிலும் சென்சார் வெச்சு, அழுத்தம் அதிகமானா சத்தம் போடற செயற்கை வலிக் கருவி. பல வருஷம், நிறைய பணம். தோத்துப்போச்சு. கருவி பழுதானது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சத்தம் வந்தாலும் நோயாளிங்க அதைக் கண்டுக்காம வேலையைத் தொடர்ந்தாங்க. கிட்டத்தட்ட நம்ம போன்ல வர்ற நோட்டிஃபிகேஷன் கதைதான். உடம்போட வலியை மட்டும்தான் யாராலும் ஸ்வைப் பண்ணித் தள்ள முடியாது. அந்த அனுபவத்திலிருந்துதான் பின்னாடி, பிலிப் யான்ஸியோட சேர்ந்து வலியைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். 2003 ஜூலையில் அமெரிக்காவில் இறந்தார். இதைப் படிக்கிற உங்கள்ல சிலர் அப்போ பிறந்திருக்கவே மாட்டீங்க.

சரி, ஆம்பூர் பஸ்ஸுக்கு வருவோம்.

இடுப்புக் கிண்ணத்திலிருந்து பந்து விலகுகிற பிரச்னை எதனால் வருகிறது? கிரகணத்தால் இல்லை. வயிற்றில் குழந்தை தலைகீழாக இல்லாமல், பிட்டம் கீழே இருந்தால் வாய்ப்பு அதிகம். முதல் குழந்தை, பெண் குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் அதிகம். பிறந்த பிறகு, காலை நேராக நீட்டி இறுக்கமாகச் சுற்றிக் கட்டுவதும் இதை மோசமாக்கும். குளிர் நாடுகளில் அப்படிக் கட்டும் வழக்கம் உள்ள மக்களிடம் இது அதிகம். காலை அகட்டிக் குழந்தையை முதுகிலோ இடுப்பிலோ சுமக்கிற மக்களிடம் குறைவு. அதாவது, நம்ம ஊர்ல இடுப்புல உட்கார வெச்சுக் குழந்தையைத் தூக்கிட்டு அலையறோமே, அது அந்த மூட்டுக்கு நல்ல நிலை. யாரும் டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்கலை இதை!

பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றினால் கால் மடங்கி அசையற அளவுக்கு இடம் விடுங்க. முதல் சில வாரங்களிலேயே இடுப்பைப் பார்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. ஒரு கால் குட்டையாத் தெரிஞ்சா, டயபர் மாத்தும்போது ஒரு கால் மட்டும் விரியாம இருந்தா, தள்ளிப்போடாதீங்க. ஆறு மாசத்துக்குள்ள தெரிஞ்சா பெரும்பாலும் வாரால பண்ணின ஒரு கட்டுலயே சரியாயிடும். நடக்க ஆரம்பிச்சப்புறம் தெரிஞ்சாதான் மயக்கம், மாவுக்கட்டு, சில நேரம் அறுவை சிகிச்சை எல்லாம். அப்பவும் பயப்படறதைவிட, கட்டு எப்போ மாத்தணும், கால் விரல் நீலமாச்சுன்னா யாருக்கு போன் பண்ணணும்னு கேட்டு எழுதி வெச்சுக்கறது உபயோகம். அந்தப் பேப்பரை மாமியார்கிட்டயும் ஒண்ணு, வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணு கொடுங்க. கட்டுப் போட்ட குழந்தையைத் தூக்கறது ஒரே ஆளோட முதுகு தாங்கற வேலை இல்லை.

வளைபாதத்துக்கு மாவுக்கட்டு போடற கிளினிக் பக்கம் எப்பவாவது போனீங்கன்னா, உள்ளே பாருங்க. டாக்டர் குழந்தையோட பாதத்தைப் பிடிச்சுக்கிட்டிருப்பார், இன்னொருத்தர் ஈரக் கட்டைச் சுத்திக்கிட்டிருப்பார். தலைமாட்டுல அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருப்பாங்க.